ஒட்டுப் போட்ட இடம்

அந்த நான்கு பேரும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்த காலையில் பிளேடு அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தோள்வரை முடி, கணுக்காலில் அகன்று விரிகிற கால்சட்டை, நாய்க்காது போல நீண்ட காலர். இவர்களுடைய அம்மா அப்பாவே அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள், அந்தக் காலத்து வேஷம்.

பாடுகிறவன் பெயர் நெட்டை. கூட வந்தவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு அவனே அதை நிரூபித்தும் விட்டான். அவன் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டை, அக்காவின் அண்ணன் தன் ஒரே ரெக்கார்டின் அட்டையில் போட்டிருந்த சட்டை. அண்ணன் ஒன்றும் அதை ஆசைப்பட்டுப் போடவில்லை. தன்னுடையது ஈரமாகக் கிடந்ததால் அப்பாவுடையதை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினான். அதைப் போய் இந்தப் பிள்ளை தையல்காரரிடம் படத்தைக் காட்டி அச்சு அசலாகத் தைத்திருந்தான். பேஸ் கிடார் வாசிக்கிறவன் கதை இன்னும் மோசம். எல்லோருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடியேதான் வாசிப்பான். அந்த அட்டைப்படத்தில் பேஸ்காரர் அப்படி நின்றிருந்தார். ஜிப் பிய்ந்துபோய் வேறு வழியில்லாமல் நின்ற மனிதர் அவர். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

அக்காவுக்கு வயது அறுபத்தொன்று. இந்தத் தொழிலில் அக்கா என்றால் கடைசிவரை அக்காதான். பிளேடு என்பது பேசியே அறுப்பவள் என்பதால் வந்த பெயர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பாட்டை டேப்பில் பதிந்து, வேண்டாத இடத்தை பிளேடால் வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் ஒட்டுகிற காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் ஒட்டினால் எங்கே ஒட்டியது என்று அவளுக்கே தெரியாது என்பார்கள்.

"அக்கா, அவரு பாடின அதே ரூம்தானே?" நெட்டையின் கண்கள் கோயிலுக்குள் வந்தவன் கண்கள் மாதிரி இருந்தன. அவரு என்றது அண்ணனை; அவள் அவருடைய தங்கை என்று தெரிந்துதான் வந்திருந்தார்கள்.

"அதே ரூம்தான். பெயின்ட் மட்டும் மூணு தடவ அடிச்சாச்சு."

"அதே டேப் மெஷினா?"

"அதே சனியன்தான். இன்னும் ஓடுது."

கம்ப்யூட்டர் வேண்டாம், டேப்பில்தான் வேண்டும், நால்வரும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் வாசிப்போம் என்றார்கள். பாட்டுகள் ஏழும் சொந்தப் பாட்டுகள். அக்காவுக்கு உள்ளூரக் குளிர்ந்துதான் போயிற்று. அண்ணன் உயிரோடு இருந்தவரை அந்த ரெக்கார்டை வாங்கியவர்கள் சொந்தக்காரர்கள் மட்டும்தான். செத்த பிறகுதான் உலகத்துக்குக் காது கேட்டது.

தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நால்வரும் நிற்க, இந்தப் பக்கம் அக்கா டேப்பை ஓடவிட்டாள். வெளுத்து வாங்கினார்கள், அதில் சந்தேகமே இல்லை. கிடார் அவர்களுடையது, வார்த்தை அவர்களுடையது, நெட்டையின் குரல் மட்டும் அண்ணனை உரித்துவைத்திருந்தது. கேட்க இதமாகவே இருந்தது. கடைசிப் பல்லவிக்கு முன்னால் எல்லாம் சட்டென்று நின்றது. ஒரு மூச்சு. அரைத் தட்டு தாமதமாக டிரம் விழுந்தது.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது பாட்டிலும் அதே இடத்தில் அதே மூச்சு, அதே அரைத் தட்டு. மூன்றாவதிலும்.

"அது எதுக்கு அங்க லேட்டா வர்ற?" என்று டிரம் வாசிக்கிற பெண்ணிடம் கேட்டாள். வளையல் கையோடு கட்டையைச் சுழற்றுகிற, எதையும் நேராகப் பேசுகிற பெண் அவள்.

"என்னக்கா, உங்களுக்குத் தெரியாதா? அவரோட கடைசிப் பாட்டுல வருமே. எங்க எல்லாப் பாட்டுலயும் வச்சிருக்கோம். அது எங்க கையெழுத்து மாதிரி. அந்த அரைத் தட்டு பிடிபட எனக்கு ஆறு மாசம் ஆச்சு."

அக்கா தலையை ஆட்டிவிட்டு டேப்பைப் பின்னால் சுற்றினாள். அது யாரும் வாசித்தது அல்ல. அது ஒட்டுப் போட்ட இடம்.

முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், இதே நாற்காலியில், டேப் மெஷினுக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருந்தாள் அவள். பக்கத்தில் முதலாளி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன். அன்று எல்லாம் கூடிவந்தது. கடைசிப் பல்லவிக்கு முன்னால் அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டான். டிரம்காரரும் நின்றார். டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கப்பா. நெஞ்சுல என்னமோ பண்ணுது. மூச்சு விட முடியல. பாப்பா, நிறுத்தேன்."

அவன் எப்போதும் இப்படித்தான். கால் மரத்துப்போச்சு, காதில் கொசு போய்விட்டது, பசி கண்ணை அடைக்கிறது என்று ஏதாவது சொல்லிப் பதிவை நிறுத்தாத நாள் இல்லை. "நடிக்கிறான். ஓடட்டும்" என்றார் முதலாளி. நிறுத்தும் பொத்தானின் மேல் அவள் விரல் இருந்தது. அமுக்கவில்லை. சிரித்தாள். அண்ணன் கண்ணாடி வழியாக அவள் சிரிப்பதைப் பார்த்தான். பார்த்துவிட்டு அவனும் சிரித்தான். பிறகு மூச்சை இழுத்து, அந்தப் பல்லவியைப் பாடினான், டிரம்காரரும் சேர்ந்துகொண்டார். குரல் நடுவில் கிழிந்தது. அப்படி ஒரு குரல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

முதலாளி பேச்சை வெட்டச் சொன்னார். அவள் வெட்டினாள். ஆனால் பாடுவதற்கு முன் அவன் இழுத்த மூச்சை வெட்ட மனம் வரவில்லை. அதை விட்டுவைத்து ஒட்டினாள். அந்த மூச்சின் நீளம்தான் அரைத் தட்டு. பதினொரு நாள் கழித்து அண்ணன் பேருந்து நிறுத்தத்தில் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. விஷயம் தெரிந்த மற்ற எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா மட்டும் பாக்கி.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று என்று சொன்னால் பொய். தூங்கினாள், சாப்பிட்டாள், சீட்டு கட்டினாள், பல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டாள். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் மட்டும் எழுந்துபோய் அணைத்துவிடுவாள். ஆனால் இப்போது அணைக்க முடியாத இடத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். ஒரு நாளைக்கு இருபது முறை, முப்பது முறை அந்த இடம் வந்தது. ஒவ்வொரு முறையும் அந்த அரைத் தட்டுக்குள் அண்ணன் முழுதாகப் பேசி முடித்தான். நிறுத்தேன் என்றான். வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நின்றால் அங்கேயும் பேசினான். போனில் தங்கை மகள் பேச்சை விட்டு மூச்சு வாங்கினால் அங்கேயும். "பெரியம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் கத்த வேண்டியிருந்தது.

இதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். மூன்றாம் நாள்தான் நெட்டை மாடிப்படியில் ஓடுவதைப் பார்த்தாள். கட்டடத்துக்கு ஐந்து மாடி. பதிவுக்கு முன் அவன் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று ஓடிக்கொண்டிருந்தான். ஐந்தாவது தடவை இறங்கி வந்தபோது முகம் செங்கல்லாகியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா இது கூத்து?"

"அந்தக் கடைசிப் பல்லவியில... அவரு குரல் கிழியும் பாருங்கக்கா..." மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். "சும்மா பாடினா வராது. ரெண்டு வருஷம் முட்டிமோதிப் பாத்தேன். நெஞ்சுல மூச்சே இல்லாதப்ப பாடினாத்தான் வருது. நானே கண்டுபிடிச்சேன்."

சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான் என்று அக்கா நினைத்தாள். அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. போன வாரம் ஒரு கச்சேரியில் பாடி முடித்ததும் கண் இருட்டி விழுந்ததையும் அதே பெருமையோடு சொன்னான். "ஜனங்க எழுந்து நின்னு கை தட்டினாங்கக்கா, நடிப்புன்னு நெனச்சு."

சொல்லாமல் விட்டால் இந்தப் பிள்ளை ஊர் ஊராக ஓடி ஓடிப் பாடுவான். சொன்னால், முப்பத்தொன்பது வருடமாக அவள் மூடி வைத்திருந்தது வெளியே வந்துவிடும். அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பயம்.

மறுநாள் நெட்டை மறுபடி படியேறப் போனான். அக்கா குறுக்கே போய் நின்றாள்.

"வேணாம் தம்பி. உள்ள வா. எல்லாரும் வாங்க. ஒண்ணு சொல்லணும்."

நால்வரையும் உட்காரவைத்துச் சொன்னாள். அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். நெஞ்சு வலி என்று அவன் சொன்னதை, முதலாளி சொன்னதை, தான் சிரித்ததை, வெட்டியதை, மூச்சை மட்டும் விட்டுவைத்ததை. அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். முடியவில்லை.

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு. முன்னாடி எப்பவாவது நெஞ்சு வலின்னு சொன்னாரான்னு. எங்கம்மா பக்கத்துல நிக்கிறாங்க. நான் இல்லைன்னு சொன்னேன். அம்மா சாகுற வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தாங்க, என் பிள்ள ஒரு வார்த்த சொல்லலியே, சொல்லாமயே போயிட்டானேன்னு. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டே இருந்தேன்."

பேஸ் வாசிக்கிறவன் முதல் முறையாகச் சுவரை விட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தான். கிடார்காரன் மெல்ல, "அப்போ அது வெறும் ஒட்டா?" என்றான்.

"ஒட்டுதான்."

டிரம் பெண் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "வெட்டினது எவ்ளோ நீளம்க்கா?"

"ஒம்பது செகண்டு. டேப்புல நூத்தி முப்பத்தஞ்சு அங்குலம்." யோசிக்காமலே வந்தது. "குப்பைக் கூடையில போட்டேன். சாயங்காலம் கூட்டி அள்ளிட்டுப் போயிட்டாங்க."

நெட்டை எழுந்தான். பேயறைந்தவன் போல இருந்தான். "நான் அத அழகுன்னு நெனச்சேன்க்கா" என்றான். அவன் குரல் அப்போதுதான் முதல் முறையாக யாருடைய குரல் மாதிரியும் இல்லாமல் இருந்தது. கதவு நிலையில் தலை இடித்ததைக்கூடக் கவனிக்காமல் வெளியே போனான். மற்றவர்களும் போனார்கள்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அக்கா டேப் மெஷினைத் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். ஒரு குழுவைத் தன் கையாலேயே கலைத்துவிட்டோம் என்று நினைத்தாள். சொன்னால் பாரம் இறங்கும் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. வெறும் அறையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் அரைத் தட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் பேசினான்.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு நால்வரும் வந்தார்கள். வணக்கம்கூட இல்லை. நெட்டை படிப்பக்கம் போகவில்லை. ஏதோ ஒரு சாயம்போன பனியனில் வந்திருந்தான். "ஏழாவது பாட்டு பாக்கி இருக்குக்கா. ஓடவிடுங்க" என்றான்.

அக்கா ஓடவிட்டாள். பாட்டு நன்றாகத்தான் போயிற்று. அவன் மூச்சு நிறைந்து பாடினான். அண்ணன் சாயல் இன்னும் இருந்தது, அது லேசில் போகிற சாயலா என்ன. கடைசிப் பல்லவி நெருங்கியது. அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது.

மூச்சு வரவில்லை. டிரம் விழவில்லை. அந்தப் பெண் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மற்ற இருவரும் தந்தியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தார்கள். நெட்டை மைக்கின் முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்று, கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டேப் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு செகண்டு. இரண்டு. மூன்று.

அவள் வெட்டியெறிந்த அந்த ஒன்பது செகண்டை அவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்பது அக்காவுக்கு நான்காவது செகண்டில்தான் உறைத்தது.

ஹெட்ஃபோனில் வெறும் அறையின் சத்தம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அண்ணன் பேசுவான் பேசுவான் என்று காத்திருந்தாள், அவன் பேசவில்லை. ஐந்து. ஆறு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் என்ன செய்யப் போகிறாள் என்று.

அக்கா நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள். சக்கரங்கள் நின்றன. உள்ளே பேசுகிற பொத்தானை அமுக்கிக்கொண்டு, மைக்கை வாயருகே இழுத்தாள்.

"போதும்ணா" என்றாள். "நிறுத்திட்டேன். வெளிய வா."

நெட்டை ஹெட்ஃபோனைக் கழற்றி மைக்கின் கம்பியில் மாட்டினான். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா ஓவென்று அழுதாள். பாட்டில் இன்னும் ஒரு பல்லவி பாக்கி இருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.