போனை வைக்கத் தெரியாதவள்

வண்டியில் உட்கார்ந்தபடியே மருந்து வாங்கும் ஜன்னல் அது. உள்ளே இருந்த ட்ரெஸா என் பெயரைக் கணினியில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

“ப்ரென்னா, உன் மெடிக்கெய்டு போகமாட்டேங்குதுடி.”

“எங்க போகமாட்டேங்குது?”

“உள்ள. போன மாசத்தோட முடிஞ்சிருச்சாம். லெட்டர் வரலயா?”

வந்திருந்தது. முதல் பக்கத்தில், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் அந்தக் காப்பீடு எனக்கு முடிகிறது என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில் முடியாமலும் இருக்கலாம் என்று இருந்தது. நான் மூன்றாம் பக்கத்தை நம்பினேன்.

“காசு கொடுத்து வாங்கிக்கிறியா?” என்றாள். விலையை வாயால் சொல்லாமல் திரையை என் பக்கம் திருப்பினாள். என் வண்டியை விற்றால் ஒரு மாத மருந்துக்கு வரும். இரண்டாம் மாதத்துக்கு விற்க வண்டி இருக்காது.

பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். “நன்றி” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

பத்தாம் வகுப்பிலிருந்து எனக்கு வலிப்பு உண்டு. மலிவான மாத்திரைகள் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. இந்த மாத்திரைக்கு நின்றது. இதற்கு மலிவான வடிவம் இன்னும் வரவில்லை. நான் தண்ணீர் சோதிக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். மலை மடிப்புகளுக்குள் வண்டி ஓட்டிப்போய், வீடு வீடாகக் கிணற்றுத் தண்ணீர் பிடித்து வருவேன். ஒருமுறை வலிப்பு வந்தால் மாதக்கணக்கில் வண்டி ஓட்டக்கூடாது. வண்டி ஓட்டாவிட்டால் எனக்கு அங்கே வேலை இல்லை.

குப்பியை ஆட்டிப் பார்த்தேன். கலகலவென்று சத்தம் வந்தது. நிறைய இருந்தால் இத்தனை சத்தம் வராது.

அன்று மதியம் மாநில அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வெகுநேரம் இசை கேட்டது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

“கோடையில உங்க சம்பளம் ஏறியிருக்கு. எல்லைக்கு மேல போயிட்டீங்க. வாழ்த்துகள்.”

கேலி செய்கிறாளா என்று புரியவில்லை. கோடையில் வெள்ளம் வந்து ஓடைக்கரைக் கிணறுகள் எல்லாம் கெட்டுப்போயின. அதனால் என்னை முழுநேரமாக்கினார்கள். வெள்ள வேலை முடியும்வரைதான் முழுநேரம் என்பதால் கூடத்தின் காப்பீடு எனக்குக் கிடையாது. அதிகம் உழைத்ததால் மருந்து போய்விட்டது. இதில் எந்தப் படியில் நான் தவறு செய்தேன் என்று யோசித்தேன். கிடைக்கவில்லை.

வேறு காப்பீடு கிடைக்குமா என்று இணையத்தில் தேடினேன். முதலில் வந்த பக்கம் போன் எண்ணைக் கேட்டது. கொடுத்தேன். விரலை எடுப்பதற்குள் போன் அடித்தது.

எங்கள் மலைப்பக்கத்தில் போனைச் சட்டென்று வைக்கமாட்டார்கள். மழையைப் பற்றிக் கேட்க வேண்டும். அம்மாவின் முட்டியைப் பற்றிக் கேட்க வேண்டும். “சரி, உங்கள விடறேன்” என்று ஒருவர் சொல்வார். “வீட்டுப்பக்கம் வாங்க” என்று மற்றவர் சொல்வார். அப்புறம் இன்னொரு கதை தொடங்கும். தவறான எண்ணுக்கும் இதே மரியாதைதான். என் அம்மா வில்டாவுக்குத் தவறான எண்ணில் கிடைத்த தோழி ஒருத்தி டென்னஸியில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறாள்.

அம்மாவுக்குப் பேச வரும். எனக்குப் பேசவும் வராது, வைக்கவும் வராது.

போனில் வந்தவன் பேர் ப்ரைஸ். குரல் வெல்லம் மாதிரி இருந்தது.

“ப்ரென்னா கண்ணு, கவலப்படாத. உன்ன மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு திட்டம் வச்சிருக்கேன். பின்னாடி குலைக்கிறது உன் நாயா?”

“ஆமா.”

“பேர் என்ன?”

“பிஸ்கட்.”

“அட, என் பாட்டி வீட்டு நாய்க்கும் அதே பேர்தான்! சரி கண்ணு, உன் பேங்க் அட்டை நம்பர் சொல்லு.”

வலிப்பு மருந்து இதில் வருமா என்று கேட்டேன். எல்லாம் வரும் என்றான். நாயின் பேரைக் கேட்டவனிடம் எப்படிப் போனை வைப்பது? எண்ணைச் சொன்னேன்.

ஒரு வாரத்தில் நீல நிற அட்டை வந்தது. அதில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் பல்லு என்னமா இருக்கு! பல்லுக்கும் சேத்து இன்சூரன்ஸ் போல.”

ட்ரெஸா அட்டையை இரண்டு பக்கமும் திருப்பினாள்.

“இது இன்சூரன்ஸ் இல்லடி. தள்ளுபடி அட்டை. பீட்ஸா கடைக்காரன் இதவிட நல்லதாக் கொடுப்பான்.”

“இதுல இன்சூரன்ஸ்னு போட்டிருக்கே.”

“நல்லாப் படி. ‘இது இன்சூரன்ஸ் இல்லை’ன்னு போட்டிருக்கு.”

ஆம். சின்ன எழுத்தில் முன்னால் ‘இது’வும் பின்னால் ‘இல்லை’யும் இருந்தன.

அம்மாவிடம் சொல்லவேண்டியதாகிவிட்டது. அவள் வீட்டின் பின்னறையில் பெண்களுக்கு முடி வெட்டி, சுருட்டிவிடுகிறாள். அப்போது ஒருத்தி தலை நிறைய உருளைகளோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள்.

“ப்ரைஸ் தம்பி, நான் ப்ரென்னாவோட அம்மா. நீ எந்த ஊர்ப்பா? உங்க ஆளுங்க யாரு?”

ப்ரைஸ் ஏதோ ஊரைச் சொன்னான். அம்மா அந்த ஊரில் யாரையோ தெரியும் என்றாள். தன் பித்தப்பையை எடுத்த கதையைத் தொடங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மான் குறுக்கே வந்ததுவரை வந்திருந்தாள். உருளைக்காரப் பெண் அவ்வப்போது “அதச் சொல்லு வில்டா” என்று எடுத்துக்கொடுத்தாள். நடுநடுவே ப்ரைஸ் “அம்மா… அம்மா…” என்றான்.

“கேன்சல் பண்ணிட்டேம்மா! பணம் திரும்ப வந்துரும். போதுமா?”

“இரு தம்பி, இன்னும் மயக்க மருந்தே கொடுக்கல.”

போன் துண்டிக்கப்பட்டது. அம்மா சீப்பும் கையுமாக நின்றாள்.

“வச்சிட்டான் பாத்தியா! எப்படித்தான் வளத்தாங்களோ.”

பணம் திரும்பியது. குப்பியின் சத்தம் மட்டும் மெலிந்துகொண்டே வந்தது.

எங்கள் நூலகத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒருவர் வருவார், காப்பீடு எடுக்க உதவுவார், இலவசம் என்று ட்ரெஸாதான் சொன்னாள். அவர் பேர் கார்னெட். தாடிக்காரர். குழந்தைகள் பகுதியில் சின்ன நாற்காலியில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு சின்ன நாற்காலி கொடுத்தார்.

“மெடிக்கெய்டு போயிடுச்சுன்னா, அரசாங்கம் நடத்தற இன்சூரன்ஸ் சந்தையில புதுசா எடுத்துக்கலாம். வருஷக் கடைசிவரைக்கும் காத்திருக்க வேண்டாம். வெண்கலம், வெள்ளி, தங்கம்னு மூணு இருக்கு. உங்க வருமானத்துக்கு வெள்ளிதான் தங்கத்தவிட நல்லது.”

“அப்ப ஏன் தங்கம்னு பேர் வச்சிருக்காங்க?”

“அத நானும் கேட்டிருக்கேன்.”

முதலில் இந்தத் தொகை வரை நான் கட்ட வேண்டும், அப்புறம் அவர்கள் கட்டுவார்கள் என்றார். சிலவற்றுக்கு மட்டும் முதலிலேயே அவர்கள் கட்டுவார்களாம். மருந்து அதில் சேருமா என்றால், சில மருந்து சேரும். என் கூடத்தில் தண்ணீரில் கிருமி இருக்கிறது, அல்லது இல்லை. நான் தலையாட்டினேன்.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“எனக்கே புரியல, உங்களுக்கு எப்படிங்க புரிஞ்சுது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதத்தில் முதல்முறை. என் மருந்தின் பேரைப் பட்டியலில் தேடினார். இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறியும் இருந்தது. “அது என்ன?” என்றேன். “பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது” என்றார். புதுக் காப்பீடு அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான் தொடங்கும். என்னிடம் அதுவரை மாத்திரை இருந்தது. அதற்குமேல் ஒரே ஒரு நாளுக்கு இருந்தது.

ஒன்றாம் தேதி வேலை முடிந்ததும் நேராக ஜன்னலுக்குப் போனேன். ட்ரெஸா புது எண்ணைத் தட்டினாள்.

“போகுது… போகுது… ஏய், நின்னுடுச்சு. முன் அனுமதி வேணுமாம்.”

நட்சத்திரக் குறி அதுதான். என் டாக்டர் சார்லஸ்டனில் இருக்கிறார். இந்த மருந்துதான் எனக்கு வேண்டும் என்று அவர் காப்பீட்டுக்காரர்களுக்கு எழுத வேண்டும். அவர்கள் படிக்க வேண்டும். இரண்டு வாரம் ஆகும் என்று டாக்டரின் அலுவலகத்தில் சொன்னார்கள். குப்பியில் இன்று இரவுக்கும் நாளைக்கும்தான் இருந்தது.

வீட்டில் பீன்ஸும் சோளரொட்டியும் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன. அம்மா கையை நீட்டினாள்.

“போனக் குடு. நான் பேசறேன்.”

காப்பீட்டுக்காரர்களின் எண்ணில் இசை ஓடியது. நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். பிறகு ஒரு ஆண் குரல் வந்தது. பேர் மார்லன் என்றது.

“தம்பி, நான் ப்ரென்னாவோட அம்மா பேசறேன்…”

“மன்னிக்கணும் மேடம். உங்ககிட்ட பேசலாம்னு அவங்க சொல்லணும்.”

அம்மா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பிறந்த தேதியைச் சொன்னேன். முகவரியைச் சொன்னேன்.

“உங்க சார்பா அம்மா பேசலாமா மேடம்?”

அம்மா வாயைத் திறந்து தயாராக இருந்தாள். உள்ளே பித்தப்பைக் கதை தெரிந்தது. இவரும் ப்ரைஸைப் போல வைத்துவிட்டால் மறுபடி இசை. நாளைக்கு மறுநாள் மாத்திரை இல்லை.

“வேண்டாம்” என்றேன். “நானே பேசறேன்.”

அம்மா வாயை மூடினாள். தட்டுகளைச் சத்தமாக அடுக்கினாள்.

மார்லனிடம் மருந்தின் பேரைச் சொன்னேன். முன் அனுமதி இல்லாமல் கொடுக்க முடியாது என்றார். நாளையோடு தீர்கிறது என்றேன். வருத்தமாக இருக்கிறது என்றார். உண்மையிலேயே வருத்தம் போலத்தான் இருந்தது.

“வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

இந்த இடத்தில் “வேண்டாம், நன்றி” என்று சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியும். சொல்ல வரவில்லை. வேறு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. போன் காதில் இருந்தது. அந்தப் பக்கம் பல பேர் பேசும் இரைச்சல் கேட்டது. யாரோ இருமினார்கள்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“வேற ஏதாவது…”

“தெரியல.”

மறுபடி இரைச்சல். அம்மா தட்டுகளை நிறுத்திவிட்டாள்.

“மேடம், நாங்க முதல்ல வைக்கக்கூடாது” என்றார் மார்லன், குரலைத் தாழ்த்தி. “நீங்கதான் வைக்கணும்.”

“எனக்கு வைக்க வராதுங்க. எங்க ஊர்ல வைக்கமாட்டோம்.”

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சங்கடத்தில் என் காது சூடாகிவிட்டது. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். பொழுது போக்குவதற்காகவோ என்னவோ, விசைகளைத் தட்டத் தொடங்கினார்.

“நீங்க எங்ககிட்ட எப்ப சேந்தீங்க?”

“இன்னிக்கு.”

“இன்னிக்கேவா? இருங்க… இருங்க.” விசைகள் வேகமாயின. “இங்க ஒரு பக்கம் இருக்கு. புதுசா சேந்தவங்க ஏற்கனவே சாப்பிட்டுக்கிட்டிருக்கற மருந்த, ஒரு தடவ மட்டும் அனுமதி இல்லாம கொடுக்கலாமாம். ஒரு மாசத்துக்கு.”

“அத ஏன்யா முதல்லயே சொல்லல?” என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து கத்தினாள்.

“அவங்க கேக்கலயே மேடம்.”

“அவளுக்குத் தெரிஞ்சாத்தான கேப்பா?”

“எனக்கும் தெரியாது மேடம். இப்பத்தான் பாக்கறேன்.”

அவர் மருந்துக் கடைக்கு ஏதோ எண் அனுப்பினார். அனுப்பியாகிவிட்டது என்றார். அதற்குப் பிறகும் இரண்டு பேரும் போனில் இருந்தோம்.

“உங்க ஊர்ல மழையா?” என்று கேட்டேன்.

“இல்ல மேடம். ஜன்னலே இல்ல இங்க.”

“சரி. உங்கள விடறேன்.”

“சரிங்க மேடம்.”

“வீட்டுப்பக்கம் வாங்க.”

“வரேன் மேடம்.”

இருவரும் வைக்கவில்லை. அம்மா வந்து பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் காலையில் வண்டியின் பின்பக்கம் தண்ணீர் பிடிக்கும் காலிக் குப்பிகளோடு ஜன்னலுக்குப் போனேன். மார்லன் கதையை நான் சொல்லச் சொல்ல ட்ரெஸா எண்ணைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“போயிருச்சுடி!”

காகிதப் பையை நீட்டினாள். குப்பியை எடுத்து ஆட்டினேன். சத்தமே இல்லை. அவ்வளவு நிறைந்திருந்தது.

“அடுத்த மாசம் என்ன ஆகும்?”

“அதுக்குள்ள உன் டாக்டர் எழுதணும். அவங்க சரின்னு சொல்லணும்.”

“சொல்லலேன்னா?”

ட்ரெஸா யோசித்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“அந்த ஆளுக்குப் போன் போடு” என்றாள். “போட்டுட்டு ஒண்ணும் பேசாம இரு.”