கட்டைக்குள் போகும் வயர்

அந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைத் தெருவே 'கழட்டி' என்றுதான் கூப்பிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தை "எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்" என்று பிரித்த மனிதர். மறுபடி மாட்டி முடித்தபோது மூன்று திருகாணி மிச்சம். ஆறு வருடமாக அதில் மணி நாலேகால்.

அப்பேர்ப்பட்டவர் கையில்தான் அந்தச் சிவப்பு எலக்ட்ரிக் கிதார் வந்து மாட்டியது. ஏசியைச் சரிசெய்து கொடுத்ததற்குப் பதிலாக சலூன்காரர் கொடுத்தார், கூடவே ஒரு குட்டி ஸ்பீக்கர் பெட்டியும். ஓரமெல்லாம் பெயின்ட் உதிர்ந்திருந்தது. இருந்தால் என்ன? பள்ளிக்கூட நாளிலிருந்து கனவில் மட்டும் வாசித்த சாமான்! ஒரு தட்டுத் தட்டினார், கணீரென்றது. மனிதருக்கு நாற்பத்தேழு வயதில் கண் கலங்கிவிட்டது.

முன்னறையில் தைத்துக்கொண்டிருந்த மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு பாட்டு முழுசா கேக்கணும். இல்லன்னா இது சலூனுக்கே போயிடும். பாதி கழட்டின சாமானுக்கு இனிமே இந்த வீட்ல இடமில்ல."

"கழட்டவே மாட்டேன், சத்தியமா!"

சத்தியம் செவ்வாய்க்கிழமை வரை தாங்கியது. அன்று அவள் துணி வாங்கப் போயிருந்தாள். சும்மா உள்ளே எட்டிப் பார்க்கலாமே என்று கிதாரின் முதுகு மூடியைத் திறந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஒரு கறுப்பு வயரைத் தவிர. அது நேராகக் கட்டையில் இருந்த ஓட்டைக்குள் போய் மறைந்தது.

"மரக்கட்டைக்கு எதுக்குய்யா வயரு?"

இருபத்தைந்து வருட சர்வீஸ். வெட்டிவிட்டார். பெருமையாக மூடினார், இந்தத் தடவை ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. ஸ்பீக்கரைப் போட்டதும் 'ங்ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல். கம்பியில் கை வைத்தால் இன்னும் கூடியது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி கேட்டாள். "ஏங்க, யார் வீட்டு ஃபிரிட்ஜக் கொண்டாந்து வச்சிருக்கீங்க?"

"பழசு இல்லியா, சூடேறினா சரியாயிடும்."

சரியாகவில்லை. பிளக்கை மாற்றினார், ஜன்னல் பக்கம் திரும்பி வாசித்தார், பிளாஸ்டிக் முக்காலிமேல் ஏறி நின்றும் பார்த்தார். விரல் நுனியெல்லாம் தோல் உரியப் பழகி ஒரு பாட்டையும் முழுசாகப் பிடித்துவிட்டார், பாவம். இரைச்சலுக்கு அடியில் அது யார் காதிலும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சலூன்காரரே கேட்க வந்து உட்கார்ந்தார். மெக்கானிக் வாசிக்க ஆரம்பித்தார். 'ங்ங்ங்ங்.'

"நான் குடுத்தப்ப இப்படி இல்லியே!" என்றார் சலூன்காரர்.

மனைவி மெதுவாகத் திரும்பினாள். "கழட்டினீங்களா?"

"லேசா..."

அவ்வளவுதான். எழுந்து வந்து ஒரு கையால் அவர் காதைத் திருகினாள். மறு கையால் கிதாரில் செருகியிருந்த பிளக்கின் இரும்புத் தலையைப் பிடுங்கப் பிடித்தாள். சட்டென்று இரைச்சல் நின்றுபோனது.

காதை விட்டாள். 'ங்ங்ங்ங்.' மறுபடி பிடித்தாள். அமைதி.

மெக்கானிக்குக் காது வலியோடு புத்தியும் வந்தது. "அட என் மடத்தனமே! அந்த வயரு கட்டையோட நிக்கலம்மா, கம்பியத் தாங்குற தகட்டுக்கு அடியில போயிருக்கு. கம்பி வழியா என் கையிலேர்ந்து இரைச்சலை இழுத்துக்கிறதே அதான். நான் வெட்டித் தொலைச்சிட்டேன். இப்ப என் காதையும் பிளக்கையும் புடிச்சு அந்த வேலைய நீ பாக்குற. விடாத, பாட்டு முடியிற வரைக்கும் விடாத!"

வாசித்தார். காது சிவக்கச் சிவக்க, ஒரு இடத்தில் தடுக்கி, மறுபடி பிடித்து, பாட்டு முழுசும் வாசித்தார். சலூன்காரர் கை தட்டினார். பாட்டு முடிந்த பிறகும் மனைவி காதை விடவில்லை.

மறுநாள் காலையில் அவர் சால்டரிங் இரும்பைச் சூடாக்கினார். "ரெண்டு நிமிஷ வேலைம்மா, அந்த வயர ஒட்டிடறேன்."

அவள் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்.

"ஒண்ணும் வேணாம். அது அப்படியே கிடக்கட்டும். வாசிக்கணும்னு தோணினா என்னக் கூப்பிடுங்க."