இரண்டாவது தடவை

மலைக்கு வேலைக்குப் போகுமுன் சோலைமலை பக்கத்துக் காம்பரா வீட்டின் வாசலில் நின்று லோஜினியிடம் சொன்னான்: "அழகம்மாவுக்கு இன்னைக்கு இழுப்பு கூடுதலா இருக்கு புள்ள. மருந்து பம்ப தலமாட்டுல வச்சிருக்கேன். கூப்புட்டா ஒடனே போய்ப் பாத்துக்க."

"நான் இங்கதானே மாமா இருக்கேன்."

தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது வடிகால் கானில் விழுந்து கால் சுளுக்கியதால் லோஜினி வேலைக்குப் போகவில்லை. திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டத்தின் அந்த லயத்து வீட்டு வரிசையில் பகலில் வேறு யாரும் இருப்பதில்லை.

சற்று நேரத்தில் அவன் மனைவி அழகம்மாவே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, லோஜினி கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி, இன்னுமா அந்தக் கொலகாரன் கத?"

"நாலு பொம்பளைங்களக் கொன்னுட்டான் அக்கா. வெளிய நின்னு பேரச் சொல்லிக் கூப்புடுறான், தெரிஞ்சவங்க கொரல் மாதிரியே. கதவத் தெறந்தா முடிஞ்சிச்சு."

"மூணு தடவ கூப்புட்டாத்தான் போவணும்னு அவளுகளுக்கு யாரும் சொல்லலயா?" அழகம்மாவின் சிரிப்பு இருமலாக மாறியது. "இந்தப் பக்கம் வந்தா என்கிட்ட அனுப்பு. கழுத்த நெரிக்கிற வேலகூட அவனுக்கு மிச்சம்."

லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். பனி மூடிய நேரத்தில் வெளியிலிருந்து பெயரைக் கேட்டால் உடனே பதில் சொல்லக்கூடாது. மனிதர் என்றால் மூன்று தடவை கூப்பிடுவார்கள். மற்றது ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளும்.

மதியத்துக்குப் பிறகு பனி இறங்கியது. லோஜினி கதவைத் தாழிட்டு விளக்கைப் போட்டாள். கதையில் ஐந்தாவது பெண் வீட்டில் தனியாக இருந்தாள். அவள் வாசலில் காலடி கேட்டது. லோஜினி ஒரே வரியை மறுபடி மறுபடி படித்தாள். புத்தகத்தை மூடிவிட நினைத்தாள். கை பக்கத்தைத் திருப்பியது.

"லோஜினி."

கம்மிய குரல், கதவுக்கு மிக அருகில். அழகம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. அந்த 'மாதிரி'தான் அவளைக் கட்டிப்போட்டது. அக்காதான் என்றால் இன்னொரு தடவை கூப்பிடுவாள், கூப்பிட்டதும் போகலாம் என்று காத்திருந்தாள். கூரைத் தகரத்திலிருந்து நீர் சொட்டியது. இரண்டாவது தடவை குரல் வரவில்லை. வராததால் வந்தது எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

வேலை விட்டு வருகிறவர்களின் பேச்சு கேட்ட பிறகே கதவைத் திறந்தாள். அழகம்மா படியில் கிடந்தாள். அவள் காம்பராவில் பம்ப் கட்டிலுக்கடியில் உருண்டு போயிருந்தது. குனிய முடியாமல் வெளியே வந்திருக்கிறாள்.

"கூப்புட்டாளா?" என்று சோலைமலை கேட்டான்.

"ஒரு தடவ மாமா. ரெண்டாவது தடவ கூப்புடுவாங்கன்னு..."

"ரெண்டாவதுக்கு அவளுக்கு மூச்சு ஏது?"

அவன் குரல் உயரவில்லை. மேல் லயத்துக் காளியாயி லோஜினியின் முதுகைத் தடவினாள். "நானா இருந்தாலும் தெறந்திருக்க மாட்டேன், புள்ள." சுற்றி நின்ற பெண்கள் தலையாட்டினார்கள்.

மறுநாள் ஆண்கள் தப்பு அடித்துக்கொண்டு அழகம்மாவின் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். பெண்கள் வாசலைக் கழுவிவிட்டார்கள். லோஜினி உள்ளே போய், வேண்டாம் வேண்டாம் என்றிருந்தும், தலையணைக்கடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

கதையில் ஐந்தாவது பெண் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துவிட்டாள். பதில் சொல்லவில்லை. அதனால் பிழைத்தாள்.

லோஜினி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.