பதினாறு மணங்கு ஞாபகம்

1953ஆம் வருடம் ஆடி மாதம் ஓசூர் பக்கத்துப் பேரிகைச் சந்தையில் புளி மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் உட்கார்ந்தபோது திம்மப்பனின் எடை பதினாறு மணங்கு, இன்றைய கணக்கில் நூற்றெண்பது கிலோ, இருந்தது. ஆளைப் பார்த்தால் அவரைக் கொடிக்கு ஊன்றிய கொம்புதான். அந்த உடம்பில் ஐந்து மணங்குக்கு மேல் எப்படிப் பார்த்தாலும் தேறாது. மிச்சம் பதினோரு மணங்கு எங்கே இருக்கிறது என்று தேட யாரும் மெனக்கெடவில்லை. அது அவன் தலைக்குள் இருந்தது என்று உத்தனப்பள்ளிக்குக் கிழக்கே இரண்டு மைலில் இருந்த அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்கே கொண்டுபோய்ப் போட்டு வைத்தவர்களே அவர்கள்தான்.

எழுத்து தெரிந்தவர்கள் குறைவாக இருந்ததால் எதுவானாலும் திம்மப்பனிடம் சொல்லி வைப்பது ஊர் வழக்கம். ஏரித் தண்ணீர் யார் வயலுக்குப் பிறகு யார் வயலுக்குப் போக வேண்டும், வரப்புக்கல் வேப்பமரத்திலிருந்து எத்தனை முழம், எந்தக் காளை எந்தப் பசுவின் கன்று, எந்தப் பிள்ளை எத்தனை நாழிகைக்குப் பிறந்தது, எல்லாம் அவனிடம் இருந்தன. கேட்டால் கேட்ட பாஷையில் திருப்பிக் கொடுப்பான். கூலிக்காரன் என்று அவனை வாசற்படி தாண்ட விடாத குடும்பங்களின் சங்கதிகள் அவன் தலைக்குள் மட்டும் தாராளமாகப் போய் உட்கார்ந்துகொண்டன. இதில் யாருக்கும் தீட்டுப் பட்டதாகத் தெரியவில்லை.

சந்தையில் அன்று சோதித்தும் பார்த்தார்கள். நாற்பது ஏக்கர்காரர் சென்னகிருஷ்ணன் தராசருகே குனிந்து, தன் செவலைப் பசு சினையாக இருப்பதைத் திம்மப்பன் காதில் தமிழில் சொன்னார். தட்டு ஒரு விரற்கடை இறங்கியது. அதையே தெலுங்கில் சொன்னார், அசையவில்லை. கன்னடத்தில் சொன்னார், அதற்கும் அசையவில்லை. தன் மைத்துனன் யோக்கியன் என்று சொன்னபோது மறுபடி ஒரு விரற்கடை இறங்கியது. பொய்க்கும் மெய்க்கும் எடை ஒன்றுதான் என்று ஊர் அதிலிருந்து தெரிந்துகொண்டது. கடுகளவு ராகி விதை, தான் சாமையாகவோ தினையாகவோ ஆகிவிடாமல் ராகியாகவே ஆவதற்கு வேண்டியதையெல்லாம் உள்ளே வைத்திருக்கிறது. அது எந்த மூலையில் இருக்கிறது என்று நாம் உடைத்துப் பார்ப்பதில்லை. திம்மப்பனையும் அப்படியே விட்டுவிட்டு அவரவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் பெண்டாட்டி மாரம்மா மட்டும் தட்டு எவ்வளவு இறங்கியது என்று விரல் வைத்து அளந்துகொண்டு நின்றாள்.

அளந்ததில் தப்பில்லை. அடுத்த வருடம் நாற்று நடும்போது சேற்றில் தொடைவரை இறங்கிவிட்ட அவனை இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுக்க வேண்டியதாயிற்று. வண்டியில் ஏற்றினால் அச்சு முறிந்தது. கயிற்றுக் கட்டில் போய், பலகை போய், கடைசியில் சென்னகிருஷ்ணன் தயவு பண்ணி அனுப்பிய கருங்கல் பலகைமேல் அவன் உட்கார்ந்தான். கல் மாதம் ஒரு விரற்கடை மண்ணுக்குள் போனது. இப்படியே போனால் எத்தனை மாதத்தில் புருஷன் தரைக்குக் கீழே போவான் என்று மாரம்மா கணக்குப் போட்டாள். ஊர் முழுக்க வீடு வீடாகப் போய், “இனிமே அவருகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க சாமி, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்” என்றாள். அதற்கென்ன, சரி என்றார்கள் எல்லாரும். மறுநாள் விடிந்ததும் வேலிக்கு வெளியே குரல் கேட்டது. “திம்மப்பா, எங்க ராஜாத்திக்கு ஆம்பளப் புள்ள. சூரியன் கிளம்பி ரெண்டு நாழிகை. போட்டு வெச்சுக்கோ.” மாரம்மா அவன் காதில் பஞ்சை அடைத்தாள். அவர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்கள்.

மொழிவாரியாக ராஜ்ஜியங்களைப் பிரித்த 1956ஆம் வருடம் ஊருக்கு ஒரு யோசனை வந்தது. குழியில் கொட்டி வைத்த ராகியை மூட்டையில் அள்ளினால் குழி காலியாகிறது. அதேபோல் திம்மப்பன் தலையில் இருப்பதை நோட்டில் அள்ளிவிட்டால் தலை காலியாகும். ராகி விளைகிற சீமையில் இந்த யோசனையை மறுக்க ஆளில்லை. கணக்கு எழுதும் கோவிந்தப்பன் நாற்பது நாள் எதிரே உட்கார்ந்து ஐந்து நோட்டு எழுதினார். நாற்பத்தோராம் நாள் புளிக்காரரின் தராசைக் கொண்டுவந்து வாசல் மரத்தில் கட்டி நிறுத்தார்கள். திம்மப்பன் பத்தொன்பது மணங்கு. ஒரு பலம்கூடக் குறையவில்லை. நோட்டு ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. காகிதத்தின் சொந்த எடையைக் கழித்துப் பார்த்தால் ஐந்தும் சேர்ந்து பதின்மூன்றே முக்கால் மணங்கு. உடம்புக்கு ஐந்து போக, மிச்சம் கால் மணங்கு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மாரம்மாவுக்குத் தெரியும். அது அவர்களுடைய மகள் ஜோதி.

ஜோதி நாலு வயது இருந்துவிட்டுப் போனவள். 1949இல் தாயும் மகளும் ஒரே வாரம் காய்ச்சலில் படுத்தார்கள். தாய் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததால் திம்மப்பன் மட்டும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தான். தனியாகத் திரும்பி வந்தான். வழியில் என்ன நடந்தது, பிள்ளை என்ன சொன்னாள் என்று அவன் சொன்னதில்லை. கேட்டால், “நீ தாங்கமாட்டே மாரி” என்பான். கோவிந்தப்பனிடம் இதையும் எழுதச் சொல்லி மாரம்மா கெஞ்சினாள். “அது ஊர் விஷயமில்லையேம்மா” என்று அவர் நோட்டை மூடிவிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனாலும் மூடிவிட்டார்.

நோட்டு வந்த பிறகு வேலிக்கு வெளியே குரல் கேட்பது நின்றது. அப்போதுதான் மாரம்மாவே அந்த வழியைக் கண்டுபிடித்தாள். “எழுத்துல ஏறினதுதானே, மறந்துடுங்க” என்றாள். திம்மப்பன் கண்ணை மூடி, செவலைக் காளையின் ஏழு தலைமுறையை விட்டான். நெற்றி தணல்போல் கொதித்தது. மேலே போட்ட ஈரத்துணி அரை நாழிகையில் மொடமொடவென்று உலர்ந்தது. மண்ணுக்குள் போயிருந்த கல் கொஞ்சம் மேலே எழும்பியது. மனுஷ உடம்பு எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதற்கு, நாம் ஓயாமல் எதையாவது மறந்துகொண்டிருப்பதுதான் காரணம் என்று ஊர் அன்றைக்கு விளங்கிக்கொண்டது. தினம் காலையில் மாரம்மா ஒன்றைச் சொல்வாள், அவன் விடுவான். வரப்புகள் போயின, தண்ணீர் முறை போயிற்று, பிறந்த நாழிகைகள் போயின. ஆறு மாதத்தில் பத்து மணங்குக்கு வந்து, கோலூன்றி நடந்தான். மாரம்மா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். அவள் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த ஆறு மாதம் அது.

பிறகு அவள் சொல்லாமலே சூடு வர ஆரம்பித்தது. மறக்கக் கற்றுக்கொண்ட தலைக்கு எதை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு காலையில் பல் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று கேட்டான். அடுத்த வாரம் தன் அம்மாவின் பெயர் போனது. போதும், நிறுத்துங்க என்று மாரம்மா அழுதாள். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தத்தான் பார்த்தான். உத்தனப்பள்ளியிலிருந்து வந்த கம்பவுண்டர் தீர்த்தகிரி நெற்றியைத் தொட்டுவிட்டு விரலை உதறிக்கொண்டார். காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு, இதற்கு இல்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனார்.

1958 தை மாதம் ஒரு மத்தியானம் தராசு வைத்துப் பார்க்காமலே மாரம்மாவுக்குத் தெரிந்தது, இனி அதிகம் மிச்சமில்லை என்று. கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

“ஜோதிப்பா, அன்னிக்கு வழியில புள்ள என்னா சொன்னா? எனக்குச் சொல்லிடுங்க. நான் தாங்கறேன்.”

அவன் சொல்ல ஆரம்பித்தான். “சானமாவு காட்டுல யானைக் கூட்டம் ரோட்டை மறிச்சிருந்துது. அது தாண்டற வரைக்கும் ஒரு மரத்துக்குப் பின்னால நின்னேன். அதுவரைக்கும் கண்ணத் தொறக்காத புள்ள, அப்போ தலையைத் தூக்கினா. யானையைப் பாத்தா. பாத்துட்டு என் காதுல வாயை வெச்சு…”

அவன் நெற்றி சிவந்தது. மாரம்மா இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, உள்ளே இருப்பதைப் பிடித்து நிறுத்துகிறவள்போல அழுத்தினாள். “சொல்லுங்க, என்னா சொன்னா, சொல்லுங்க” என்று கத்தினாள். உள்ளங்கையில் சூடு ஏறியது. இதற்குமுன் எந்த வரப்புக்கும் எந்தக் காளைக்கும் அப்படி ஏறியதில்லை. அவன் உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது.

“ஜோதிப்பா” என்று கூப்பிட்டாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லாததால் மறுபடி அவளைப் பார்த்தான்.

“கை சுடலையா மாரி?”

“சுடுது” என்றாள் மாரம்மா. “ஆறிப்போறவரைக்கும் இருக்கட்டும்.”