சிப்பாய்க்குப் போன பவுடர்

கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா. மூன்றாவது தடவையே தொடை நடுங்கிப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

“வயசுக்குச் சதை கரையுது ஐயா. முட்டை, பயறு, கொண்டைக்கடலை நல்லாச் சாப்பிடுங்க. தினமும் இதே மாதிரி எந்திரிச்சு உட்காருங்க. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க.”

ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் என் மகன் ஜெயபாண்டி குண்டைத் தூக்கிப் போட்டான்.

“யப்பா, அடுத்த தடவ அஞ்சு எந்திரிக்கலைன்னா சிப்பாயச் சேத்தூர் தோட்டக்காரருக்குக் குடுத்துருவேன். அது இழுக்குற இழுப்ப ஒங்களால தாங்க முடியாது.”

சிப்பாய் என் நாய். சுத்த வெள்ளை. என் பெண்டாட்டி செத்த மறுவாரம் குட்டியாக வந்தது.

“குடுத்துத்தான் பாரேம்லே,” என்றேன்.

மறுநாள் ஜிம் கடையிலிருந்து சத்துப் பவுடர் டப்பா ஒன்றை வாங்கி வந்தான். அதில் ஒருவன் சட்டையில்லாமல் புஜத்தை முறுக்கிக்கொண்டு நின்றான். எழுபத்திரண்டு வயதுக்காரன் குடிப்பதென்றால் அந்த வயதுக்காரன் படத்தையல்லவா போட வேண்டும்? டாக்டரம்மாவும் இதை எழுதித் தரவில்லை. மருமகள் யுவராணி பாலில் கலக்கித் தருவாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் சிப்பாய் கிண்ணத்தில் ஊற்றிவிடுவேன். முட்டையும் அதற்கே. எங்கள் தெருவில் நாய் மெலிந்தால்தான் கேவலம். வீட்டுக்காரன் மெலிந்தால் எவனும் கேட்பதில்லை.

ஒரு மாதத்தில் நாய்க்குத் தோள் திரண்டது. எனக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

ஒருநாள் காலை, தவசிமுத்துவின் டீக்கடை முன்னால் பூனையைக் கண்டு சிப்பாய் பாய்ந்தது. சங்கிலியைக் கையில் சுற்றியிருந்தேன். குப்புற விழுந்து நாலடி இழுபட்டேன். சங்கிலியை விடவில்லை.

“மொக்கைச்சாமி பெரியப்பா, கையக் குடுங்க!” தவசிமுத்து ஓடிவந்தான்.

“தொட்டா ஒடிச்சிருவேன். போயி பாலப் பாரு, பொங்குது.”

“ஒடிக்கணும்னா மொதல்ல எந்திரிக்கணுமே!”

கடையே சிரித்தது. முழங்காலை ஊன்றிப் பார்த்தேன். தொடையில் தெம்பு ஒன்றுமே இல்லை. தவழ்ந்துபோய்க் கரண்டுக் கம்பத்தைப் பிடித்துத்தான் எழுந்தேன். டாக்டரம்மா பொய் சொல்லவில்லை என்பது அப்போது உறைத்தது. என் பங்கைத் தின்ற நாய்தான் என்னை இழுத்துப் போட்டது. தின்னக் கொடுத்தவன் நான்.

அன்றிலிருந்து முட்டையும் சுண்டலும் எனக்கு. சிப்பாய்க்குக் கேப்பைக்கூழும் மோரும். பவுடர் பால் மட்டும் பழையபடி அதற்கே போனது. அந்தச் சட்டையில்லாதவனை நான் நம்புவதாக இல்லை. காலையும் சாயங்காலமும் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியோடு மல்லுக்கட்டினேன்.

“மாமா, உள்ள என்ன சத்தம்?” யுவராணி கதவைத் தட்டினாள்.

“நாற்காலி ஆடுது, பாக்கேன்.”

“நாற்காலியா, நீங்களா?”

ரெண்டு மாதம் முடிந்தது. டாக்டரம்மா கையை நெஞ்சில் கட்டச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் தொடை உதறியது. ஜெயபாண்டி பிடிக்க வந்தான்.

“தள்ளி நில்லுலே!”

ஐந்தாவதும் எழுந்து நின்றேன்.

“பத்தொன்பது செகண்ட்,” என்றார் டாக்டரம்மா. “தேறியிருக்கீங்க. ஆனா இன்னும் மெதுவாத்தான் இருக்கு. ஏதாவது பவுடர் குடிச்சீங்களா?”

“நாய் குடிச்சுது.”

ஜெயபாண்டி தலையில் கைவைத்தான். “அதான் அந்த இழுப்பு இழுக்குதா? யப்பா, இம்புட்டு மெதுவா எந்திரிச்சா...”

“அஞ்சுன்னுதான சொன்னே? வேகத்தப் பத்திப் பேச்சே இல்லையே. வேணும்னா அந்த டப்பாவச் சேத்தூருக்குக் குடுத்துவிடு. சிப்பாய் எங்கிட்டதான் இருப்பான்.”

“சரி ஐயா, உட்காருங்க,” என்றார் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே.

உட்கார்ந்தால் மகன் முன்னால் ஆறாவது தடவை எழ வேண்டும். நின்றுகொண்டேன்.