ஐந்து அணையும் ஒரு சொதியும்

யோகலட்சுமி வரைந்த வழிப்படத்தில் மேடுகளுக்குப் பச்சை மை, சொந்தக்காரர் வீடுகளுக்குச் சிவப்பு மை. மேடு வந்தால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். சொந்தக்காரர் வந்தால் பயணமே முடிந்துபோகும்.

அவள் சிவகிரி வட்டத்தில் நில அளவையர். கணவன் விஜயசங்கருக்கு வாசுதேவநல்லூரில் ஜெராக்ஸ் கடை. கடையைப் பூட்டி, அவளும் நான்கு நாள் விடுப்பு எழுதிக்கொடுத்து, ஜூலைச் சாரலில் இருவரும் சைக்கிளில் கிளம்பியிருந்தார்கள். கருப்பாநதி, அடவிநயினார், ராமநதி, கடனாநதி, குண்டாறு என்று மலையடிவாரத்தில் ஐந்து அணைகள். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை வேறு எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. நடுவில் ஒரு துண்டு விட்டுப்போனால் அது அளவே இல்லை என்பாள் யோகலட்சுமி.

போன வருடம் அப்படித்தான் விட்டுப்போனது. நான்கு அணை முடித்து ஐந்தாவதுக்குப் போகும்போது இலஞ்சியில் அவளுடைய சித்தப்பா வல்லிநாயகம் பார்த்துவிட்டார். சாப்பாடு, அதன்பின் தூக்கம், அதன்பின் மழை. கடைசியில் அவர் தேங்காய் ஏற்றும் லோடு ஆட்டோவில் சைக்கிள்கள் படுத்துக்கொண்டு வீடு வந்தன. அதை நினைத்தாலே அவளுக்கு இன்னும் காது சூடாகும்.

இந்த முறை மூன்று நாள் பிசகில்லாமல் போயிற்று. அடவிநயினாரில் நீர் வழிந்து விழும் இரைச்சலில் பேச முடியாமல் கையை ஆட்டிப் பேசிக்கொண்டார்கள். ராமநதி இறக்கத்தில் விஜயசங்கர் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கத்தினான். எதிரே வந்த பஸ் ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடித்தார், திட்டினாரா வாழ்த்தினாரா தெரியவில்லை. கடனாநதிக் கரையில் மாலை வெயிலில் நின்று படம் எடுத்தார்கள். இரவு தங்கக் குத்துக்கல்வலசைக்கு வந்தபோது அவன் சைக்கிள் மீட்டர் நூற்று எழுபத்தாறு கிலோமீட்டர் காட்டியது.

நான்காம் நாள் காலை தென்காசியைத் தாண்டியதும் செங்கோட்டைக் கணவாயிலிருந்து காற்று நேராக முகத்தில் அடித்தது. சாரல் கண்ணாடியில் ஒட்டியது. இருவரும் குனிந்து மிதித்தார்கள். இலஞ்சி விலக்கில் லோடு ஆட்டோ ஒன்று சாலையை மறித்து நின்றது. அதன்மேல் சாய்ந்து, குடை பிடித்தபடி வல்லிநாயகம்.

"வா மவளே! வாங்க மாப்ள! ஏழு மணில இருந்து நிக்கிதேன்."

"ஒங்களுக்கு யாரு சித்தப்பா சொன்னா?"

"மாப்ள தான். கடனாநதில பல்லக் காட்டிட்டு நிக்கிற படம் ஸ்டேட்டஸ்ல கெடக்கே."

யோகலட்சுமி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஹெல்மெட் வாரைச் சரிசெய்வதில் மும்முரமானான்.

"ஏட்டி, நீ பாட்டுக்கு இலஞ்சியத் தாண்டிப் போனா ஊர்ல என்ன கேப்பா? வல்லிநாயகம் அண்ணன் மவ கார வித்துட்டாளான்னு கேப்பா."

"கார் வீட்லதான் நிக்கி."

"அத எதுக்கு நிக்க விட்டுட்டு நீ மிதிக்க? ஏறு. சித்தி விடியக்காலமே தேங்கா துருவிட்டா. சொதி."

சொதி என்றதும் விஜயசங்கருக்குத் தொண்டை ஏறி இறங்கியது. மருமகன் வந்தால் தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு அது, வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

"சோத்த அணைக்குக் கொண்டாங்க சித்தப்பா. அங்கன உக்காந்து எல்லாரும் சாப்பிடுவோம். நான் வண்டில மட்டும் ஏற மாட்டேன்."

"வீட்டுல கால் வைக்காம, ரோட்டுல நின்னுக்கிட்டு சோத்தக் கொண்டாங்கியா? நான் என்ன ஓட்டலா நடத்துதேன்?" அவர் குரல் இறங்கிவிட்டது. "ஒங்க சித்திகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

அவள் ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில் நின்றாள். போன வருடமும் இந்தக் குரல்தான் அவளை இறக்கியது.

"மாமா, நான் வாறேன்" என்றான் விஜயசங்கர்.

"ஏங்க!"

"யாராவது ஒருத்தர் வீட்டுக்குப் போணும்லா. நீ மிதி யோகம், நிக்காத. நான் சொதியோட மேல வாறேன்."

மீட்டரைப் பார்க்காமலே சைக்கிளைத் தூக்கித் தேங்காய்க் குவியல்மேல் வைத்தான். அவள் பெடலை அழுத்தினாள்.

செங்கோட்டை வரை காற்று அவளைப் பின்னுக்குத் தள்ளியது. ஊரைத் தாண்டியதும் வயல், தென்னை, அப்புறம் மலை. அணைக்கு ஏறும் கடைசி மேட்டில் கியர் தீர்ந்துவிட்டது. எழுந்து நின்று மிதித்தாள். தொடை எரிந்தது. பின்னால் லோடு ஆட்டோ முக்கிக்கொண்டு வந்தது. முன் சீட்டில் சித்தப்பாவும், மடியில் தூக்குச்சட்டியோடு சித்தி அகிலாண்டேஸ்வரியும். பின்னால் தேங்காய்களுக்கு நடுவே விஜயசங்கர்.

வல்லிநாயகம் தலையை வெளியே நீட்டினார். "ஏறிக்கோ மவளே! இன்னும் கொஞ்சந்தான். யாரும் பாக்கல!"

"நான் பாக்குதேன்லா சித்தப்பா!"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மழையும் வேர்வையும் வழிகிற அந்த முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. அப்போது மேலே சுற்றுலா ஜீப் ஒன்று வளைவை அடைத்துக்கொண்டு இறங்கியது. வல்லிநாயகம் ஆட்டோவை அவளுக்கு முன்னால் கொண்டுபோய் ஹாரனை அழுத்தியபடி கத்தினார்.

"ஏலே ஒதுங்கு! எங்க பிள்ள வருதால்லா! வாசுதேவநல்லூர்ல இருந்து மிதிச்சிட்டு வருதா, ஓரங்கட்டுலே!"

ஜீப் ஓரங்கட்டியது. உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள். வளைவைத் தாண்டியதும் நீர் தெரிந்தது. மலை, மேகம், அதற்குக் கீழே நிறைந்து கிடந்த குண்டாறு. கரையில் ஏறி, சைக்கிளை விட்டு இறங்கியதும் "அஞ்சு!" என்று ஐந்து விரலையும் விரித்துக் கத்தினாள். சித்தி ஓடிவந்து முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள்.

வல்லிநாயகம் இலையை விரித்தார். விஜயசங்கர் உட்காரவில்லை. மனைவியின் முகத்தையும் தேங்காய்மேல் கிடந்த தன் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, ஏத்துன எடத்துலயே என்னைக் கொண்டு விடுவேளா?"

"எதுக்கு?"

"அங்கன இருந்து மிதிச்சு வரணும்."

"மாப்ள, சொதி ஆறிப் போவும்!"

"மூணு கல்லக் கூட்டி அடுப்பு வச்சு சூடு பண்ணுனா போச்சு" என்றாள் அகிலாண்டேஸ்வரி. "மருமவன் ஆசப்படுதாரு, கூட்டிட்டுப் போங்க."

வல்லிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார். முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறியவர், வண்டியைத் திருப்பியதும் வேகமாகத் தலையை வெளியே நீட்டினார்.

"யோகம், மணி பதினொன்னே கால். இவரு எத்தன நிமிசத்துல ஏறுதாருன்னு குறிச்சு வையி. நான் முன்னால ஹாரன் அடிச்சிட்டே வருதேன்!"