ஒரு கரண்டி குறைவாக

மூன்றாவது முறையும் அது உடையவில்லை. இரண்டு முனைகளையும் பிடித்து அழுத்தினாள். புரத பார் நடுவில் மெல்ல வளைந்து, தூக்கம் வந்த குழந்தையின் கழுத்தைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எதிரே ஸ்டாண்டில் நின்ற செல்போன் அதையும் பதிவு செய்துகொண்டிருந்தது. பதிவை நிறுத்திவிட்டு, வளைந்ததை மேசை ஓரத்தில் ஏற்கெனவே கிடந்த இரண்டோடு சேர்த்து வைத்தாள்.

நான்கு மணிக்கு நேரலை. அதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அவளை அக்காவாக்கிய அந்த முதல் வீடியோவில் அவள் செய்தது இதைத்தான். பாரைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து இரண்டாக உடைத்தாள். டக் என்று ஒரு சத்தம். "உள்ள என்ன இருக்குன்னு நீங்களே பாத்துக்கோங்க. மறைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல." அந்தச் சத்தத்தையும் அந்த வரியையும் பார்க்கிறவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். இன்றைக்கு அதையே மறுபடி செய்துகாட்டினால் போதும், வாய்கள் தானாக மூடிக்கொள்ளும் என்று அவள் கணவன் சொல்லியிருந்தான்.

வாய்களைத் திறந்துவிட்டவர் ஒரு ஜிம் கோச். தராசு என்று தனக்குத்தானே பட்டம் வைத்துக்கொண்டவர். கடைகளில் விற்கும் சத்துப் பொருள்களை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பி, வருகிற முடிவை வீடியோவாகப் போடுவது அவர் வழக்கம். முந்தாநாள் அவர் கையில் இவளுடைய பார் இருந்தது. உறையில் இவள் சிரிக்கிறாள். சிரிப்புக்குக் கீழே, புரதம் இருபது கிராம் என்று தடித்த எழுத்து. அவர் முடிவை நிதானமாகப் படித்தார். பதினொன்று. பிறகு உறையைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்து, "அக்கா நல்லாத்தான் சிரிக்கிறாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

போட்டிக் கம்பெனியின் வேலை என்று கணவன் உடனே ஒரு பதிவு போட்டுவிட்டான். அவளை நம்புகிறவர்கள் தராசின் பக்கத்துக்குப் படையெடுத்துப் போனார்கள். எங்கள் அக்கா பொய் சொல்லமாட்டார் என்று யார் யாரோ அங்கே மல்லுக்கு நின்றார்கள். அதைப் படிக்கப் படிக்க முதலில் தெம்பாக இருந்தது. அப்புறம், நேற்று மாலை ஒரு பெண்ணின் குரல் செய்தி வந்தது. சின்ன வயதுக் குரல். "அக்கா, அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி சாப்பாடே எறங்கல. டாக்டர் புரதம் கணக்கு பாத்து குடுக்கச் சொன்னார். உங்க பார் மட்டும்தான் மெத்துனு இருக்குன்னு சாப்பிடறாங்க. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இப்ப என்னென்னவோ சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா, நான் வேற யாரையும் கேக்கமாட்டேன்."

இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. ஆனால் மெத்துனு என்ற அந்த ஒரு சொல் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. இப்போது மேசை ஓரத்தில், மூன்று முறை வளைந்து அது கண்ணுக்கும் தெரிந்தது.

உண்மையில் இன்றைக்குத்தான் தெரிந்ததா? அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆரம்ப நாட்களில் அந்த பார்கள் ஒரு வாரத்தில் கல்லாகிவிடும். புரதப் பொடி அதிகம் சேர்ந்தால் அப்படித்தான், ஈரத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும். கடித்துப் பார்த்தவர்கள் சும்மா விடவில்லை. சுவரில் ஆணி அடிக்க உதவுகிறது என்று ஒருவர் எழுதினார். பல் டாக்டர் உங்களுக்குக் கமிஷன் தருகிறாரா என்று கேட்டார் இன்னொருவர். பிறகு எப்போதோ அந்தக் கேலிகள் நின்றுபோயின. ஒரு கடைத் திறப்பு விழாவில் எல்லோர் முன்னாலும் ஒரு பாரைக் கடித்தபோது, பல்லுக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் அது இறங்கியது. பழைய சுண்ணாம்பு வறட்சி நாக்கில் இல்லை, இனிப்புதான் முதலில் வந்தது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தாள். அந்த நினைப்புக்குப் பின்னால் இன்னொரு நினைப்பு, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கும் விருந்தாளியைப் போல நின்றது. அவள் அதை உள்ளே வா என்று சொல்லவில்லை. அதுவும் போய்விட்டது.

எழுந்து உள் அறைக்குப் போனாள். கலவை இயந்திரத்தின் பெரிய எஃகுக் குண்டானுக்குள் கையை விட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்துக்கொண்டிருந்தாள் நாத்தனார். கணவனின் தங்கை. ரொட்டிக் கம்பெனி ஒன்றில் பல வருடம் மாவு பார்த்தவள். இந்தத் தொழிலின் கை அவள், முகம் இவள். "அண்ணி மூஞ்சிக்கு லைட்டு, என் மூஞ்சிக்கு மாவு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். உறை ஒட்டும் பெண்களுக்கு இன்று விடுமுறை கொடுத்திருந்ததால் அறை வெறிச்சென்று இருந்தது.

"பார் உடைய மாட்டேங்குது" என்றாள் இவள்.

"ஏன் உடையணும்? யாரு பல்லு உடையணும்?" திரும்பாமலே சொன்னாள் நாத்தனார்.

"மொதல்ல உடைஞ்சுதுல்ல."

வழித்துக்கொண்டிருந்த கை நின்றது. திரும்பி இவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது இவளுக்கும் புரிந்தது. இத்தனை வருட உறவில் இந்த ஒரு வசதி இருந்தது, ஒன்றை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்காது. இதுவரை அது வசதி என்றுதான் நினைத்திருந்தாள்.

"ஒரே நாள்ல கொறைக்கல அண்ணி" என்றாள் நாத்தனார். "ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி பொடி கம்மி பண்ணி, பேரீச்சம்பழக் கூழு ஒரு கரண்டி சேத்தேன். உப்பு பாத்து போடற மாதிரிதான். இன்னிக்கு இது சரியா இருக்கேன்னு தோணும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் மெத்துனு இருந்தா நல்லாருக்குமேன்னு தோணும். ஓட்ஸ் மாவும் போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீங்கதான சொன்னீங்க, எப்படியாவது மெத்துனு பண்ணு, மானம் போகுதுன்னு? பண்ணினேன். மொத மெத்து பாரை உங்க கையிலதான் குடுத்தேன். சூப்பர்னு கட்டை விரலைக் காட்டினீங்க. எப்படிப் பண்ணேன்னு கேட்டீங்களா?"

"உன் கைய நம்பினேன்."

"ஆமா. நம்பினீங்க." நாத்தனார் கரண்டியைக் குண்டானுக்குள் போட்டாள். "சத்து கொறையும்னு எனக்குத் தெரியாதான்னு கேக்கறீங்க. தெரியும். எவ்வளவுன்னு தெரியாது. தெரிஞ்சுக்கவே வேணாம்னு இருந்தேன்."

உன் கையை நம்பித்தான் என் முகத்தைக் கொடுத்திருக்கிறேன். இந்த வாக்கியத்தை இவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அன்பாகச் சொன்னதாகத்தான் ஞாபகம். இப்போது அந்த அறையின் குளிரில் நின்றபடி அதைத் திருப்பிப் பார்த்தாள். நம்பியதால் கேட்கவில்லையா, கேட்காமல் இருப்பதற்காக நம்பினாளா? இரண்டுக்கும் நடுவில் ஒரு முடி அளவு இடைவெளிதான். அந்த இடைவெளியில்தான் இத்தனை கடைகள், இத்தனை உறைகள், இத்தனை அக்காக்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன.

முன்னறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கணவன் ஒரு கையில் செல்போனும் மறு கையில் பிளாஸ்டிக் உறையிட்ட பழைய ஆய்வக அறிக்கையுமாக வந்தான். பெரிய கடைக்காரர்கள் காலையிலிருந்து அவனைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அலமாரியிலிருந்து சரக்கை எடுக்கலாமா வேண்டாமா என்று நேரலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம்.

"ரெடியா? ரிப்போர்ட்ட இப்படிக் காட்டு, வெளிச்சத்துல மின்னாம. இருபதுன்னு இருக்கற எடத்துல வெரல வை."

"அது மொத தடவை செஞ்ச பாரோட ரிப்போர்ட்" என்றாள் அவள். "இப்ப விக்கறது அது இல்ல."

அவன் மனைவியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். கெட்டிக்காரன். கூட்டிக்கழித்துப் பார்க்க அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளின் மேல் மெதுவாக உட்கார்ந்தான். அதே நிதானத்தில் எழுந்தும் விட்டான்.

"சரி. ஒண்ணும் குடி முழுகல. ஒரு பேட்ச்ல கலவை பாக்கறவங்க தப்பு பண்ணிட்டாங்க, கண்டுபிடிச்சு வேலைய விட்டு அனுப்பிட்டோம். முடிஞ்சுது."

"கலவை பாக்கறவங்க யாரு? உங்க தங்கச்சிதான?"

"பேரச் சொல்லச் சொன்னனா? ஊருக்கு என்ன தெரியும் உள்ள யாரு நிக்கறான்னு?"

"சொல்லிக்கோங்க அண்ணி" என்றாள் நாத்தனார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "என் மூஞ்சி எங்கயும் ஒட்டல. பேரு கெட்டா எனக்கு என்ன போச்சு."

"இங்க பாரு" என்று கணவன் மனைவியின் பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்தினான். "நாம வெஷமா வித்தோம்? பேரீச்சம்பழம் சாப்பிட்டு எவனும் சாகல. வெண்ணெ திரண்டு வர நேரத்துல தாழிய உடைக்காத."

அவளுக்கு அந்தப் பெண்ணின் குரல்தான் நினைவுக்கு வந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மெல்ல முடியாத ஒரு வாய், கணக்குப் போட்டு வைத்திருக்கும் ஒரு மகள். அந்தக் கணக்கு இவள் சிரிப்புக்குக் கீழே அச்சடித்த எண்ணிலிருந்து தொடங்குகிறது. விஷம் இல்லைதான். ஆனால் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று நம்பி ஓர் உடம்பு அங்கே காத்துக்கொண்டிருக்கிறது.

முன்னறைக்குப் போய் உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டாள். கணவன் பின்னாலேயே வந்து, செல்போனுக்குப் பின்பக்கம் நின்று, அறிக்கையை அவள் எடுத்துக்கொள்ள வாகாக மேசையின் நுனியில் வைத்தான்.

நேரலை தொடங்கியதும் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. இதயங்கள் பறந்தன. அக்கா, அக்கா, அக்கா. தராசும் வந்திருந்தார். கருத்துப் பகுதியில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் பதித்துவிட்டுச் சும்மா இருந்தார். அவள் வணக்கம் சொன்னாள். வழக்கமாக அதற்கடுத்து வரும் சிரிப்பு உதட்டுக்கு வந்தது, அதை அங்கேயே நிறுத்தினாள். நிறுத்தியபின் முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரிக்காத தன் முகத்தைத் திரையில் பார்ப்பது, வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ தவறி நுழைந்துவிட்டதைப் போல இருந்தது.

"எங்கிட்ட ஒரு ரிப்போர்ட் இருக்கு" என்றாள். கணவன் தலையாட்டினான். "அதுல இருபதுன்னுதான் இருக்கு. அது நெஜம். ஆனா அது நீங்க சாப்பிடற பாரோடது இல்ல. அதுக்கப்புறம் நாங்க செய்முறைய மாத்திட்டோம். மறுபடி சோதிச்சுப் பாக்கல. உறையையும் மாத்தல."

கணவனின் கை காற்றில் ஏதோ பிடிக்கப் போனதுபோல் உயர்ந்து, அப்படியே நின்றது.

"நேத்து ஒரு தங்கச்சி பேசியிருந்தா. அம்மாவுக்கு ரெண்டு வேளை குடுக்கறேன்னு. நீ பாத்துட்டிருந்தன்னா கேட்டுக்கோம்மா. உன் கணக்கு தப்பு. நான் குடுத்த தப்பு. இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லிடு."

இதயங்கள் நின்றன. ஒரு கணம் திரையில் எதுவுமே வரவில்லை. பிறகு மடை திறந்தது. அக்கா என்ற சொல் இருந்த இடத்தில் இப்போது வேறு சொற்கள் வந்தன. சிலவற்றை அவள் இதுவரை எழுத்தில் பார்த்ததில்லை. நடுவில் தராசின் வரி நிதானமாக வந்தது: 'மாத்திட்டோம்னா யாரு மாத்தினது?' உடனே நூறு பேர் அதையே திருப்பிக் கேட்டார்கள். யாரு? யாரு? கணவன் செல்போனுக்குப் பின்னால் நின்று, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தான். கலவை பாக்கறவங்க. கலவை பாக்கறவங்க.

"நான்தான் மாத்தச்..." என்று அவள் தொடங்கியபோது உள் அறைக் கதவு திறந்தது. நாத்தனார் வந்தாள். அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். மாவுக் கை, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஓர் அட்டைப் பெட்டியை இழுத்து, பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் எலாஸ்டிக் பதிந்த சிவப்புக் கோடு நெற்றியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடியது. திரையில் அவளுடைய பாதி முகம்தான் தெரிந்தது. இவள் நாற்காலியோடு நகர்ந்து இடம் விட்டாள். முழு முகமும் உள்ளே வந்தது. முதல்முறை என்பதால் எங்கே பார்ப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை, திரையில் தெரிந்த தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் கீழிருந்து கேள்விகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி அவளுடைய வாயை மறைத்தன. அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் அவள் வாயைத் திறந்தாள்.